மண்டபத்து நோட்டில் எழுதிய பெயர்

கேள்வி: வடசென்னையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் தவறிவிட்டார். ஒரே மகள். 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து எங்கள் பகுதியில் மறியல் நடந்தபோது நானும் போனேன், அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவளுக்கு 19 வயது, நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும் வண்டியில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, பெயர் எழுதிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அதன் பிறகு சம்மன், நோட்டீஸ் எதுவும் வரவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம். இப்போது அவளுக்கு அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால், போலீஸ் விசாரணையில் வழக்கு இருப்பதாக எழுதி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "இனிமேல் போராட்டத்துக்குப் போக மாட்டேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்கள், கொஞ்சம் செலவாகும், நான் முடித்துத் தருகிறேன்" என்கிறார். இன்னொருவர், இந்த வழக்கால் நாளைக்கு அவளுடைய குடியுரிமைக்கே ஆபத்து என்கிறார். தூக்கமே இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போனது என் தப்பா? இப்போது நான் என்ன செய்வது?
— ஒரு தாய், சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஆளிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது சின்ன முடிச்சுதான். அதை அவிழ்க்க வழி இருக்கிறது.

முடிச்சு எங்கே விழுந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அதனால் அந்த மண்டபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த மாதத்தில் நான் மூன்று மண்டபங்களுக்குப் போயிருக்கிறேன். வழக்கறிஞர்கள் சிலர் முறை வைத்துக்கொண்டு, எங்கே ஆட்களை அடைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் கிளம்பிவிடுவோம். ஒரு மண்டபம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முந்தின நாள் முகூர்த்தம் முடிந்து, மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் அப்படியே கிடந்தன. பின்னால் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய இரண்டு பெயர்கள். கீழே முந்நூறு பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் பெண்கள். பொட்டலத்தில் தக்காளி சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு, லாங் சைஸ் நோட்டில் ஒரு காவலர் எழுதிக்கொண்டிருந்தார்: பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம், செல் நம்பர். காலையிலிருந்து வெயிலில் நின்ற களைப்பு அவருக்கும்தான். "பாத்திமாவா, பாத்திமா பீவியா? சரி, ஏதோ ஒண்ணு" என்று எழுதிக்கொண்டே போனார். வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை கையில் பரீட்சைக்கான நோட்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்ல முறை வந்தபோது நோட்ஸை அக்குளில் செருகிக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொன்னாள். ஆறு மணிக்குள் பெண்களை எல்லாம் அனுப்பிவிட்டார்கள். சிரித்துப் பேசிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அந்த நோட்டு அடுத்து எங்கே போகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அது உறுத்துகிறது.

அந்த நோட்டு காவல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஒரு முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. பெரும்பாலும் நான்கைந்து அமைப்பாளர்களின் பெயரைப் போட்டு, "மற்றும் 300 பேர்" என்று எழுதுவார்கள். சில இடங்களில் நோட்டில் இருந்த பெயர்கள் முழுக்க இணைப்பாகப் போய்விடும். அப்புறம் அது காவல்துறையின் கணினியில் ஏறுகிறது. பல வருடம் கழித்து பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒருவர் பெயரைத் தட்டினால் அந்தப் பழைய வழக்கு வந்து நிற்கிறது. வழக்கு உயிரோடு இருக்கிறதா, எப்போதோ முடிந்துபோனதா என்பதைக் கணினி பல நேரம் காட்டாது. விசாரணைக்கு வந்தவரும் "வழக்கு உள்ளது" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. குற்ற எண்ணை, அதாவது முதல் தகவல் அறிக்கையின் எண்ணை, தெரிந்துகொள்ளாமல் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் பதில் எழுதாதீர்கள். அவர்கள் கடிதத்திலேயே குற்ற எண்ணும் காவல் நிலையமும் குறிப்பிட்டிருக்கலாம். ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இல்லையென்றால் மகளை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். வழக்கில் பெயர் உள்ளவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் பெற உரிமை உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் குற்ற எண், ஆண்டு, காவல் நிலையம் கொடுத்தால் நகலை எடுக்கலாம். நிலையத்தில் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உரிய குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் சான்றிட்ட நகலுக்கும் விண்ணப்பிக்கலாம். எண் கையில் கிடைத்ததும், நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அந்தக் குற்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்திருந்தால் அங்கே ஒரு வழக்கு எண் தெரியும். எதுவும் இல்லையென்றால் வழக்கு காவல் நிலையத்தோடே நிற்கிறது என்று அநேகமாக முடிவு செய்யலாம்.

நகலில் பெயரையும் தகப்பனார் பெயரையும் வயதையும் விலாசத்தையும் உன்னிப்பாகப் பாருங்கள். அந்த மண்டபத்தில் பெயர் எழுதின அழகைச் சொன்னேன். வேறு யாருடைய வழக்கோ உங்கள் மகள் தலையில் ஏறியிருப்பதும் நடக்கக்கூடியதுதான். என்னிடம் வந்த ஒரு பையனின் விஷயத்தில் பெயரும் தெருவும் ஒன்று, தகப்பனார் பெயர் வேறு. அதைக் காட்டி ஒரு மனு கொடுத்ததோடு முடிந்தது.

அப்புறம் பிரிவுகள். இந்த மாதிரி மறியல்களில் வழக்கமாகப் போட்டது இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341. இப்போது புதிய சட்டம் வந்துவிட்டாலும் 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்ததற்கு அந்தப் பழைய பிரிவுகள்தான். 143 என்பது சட்டவிரோதக் கூட்டத்தில் இருந்தது; அதிகபட்சம் ஆறு மாதம். 188 அரசு ஊழியரின் உத்தரவை மீறியது. அதற்கும் ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது. 341 வழிமறித்தது, ஒரு மாதம். இவ்வளவு சின்னக் குற்றங்களுக்குச் சட்டமே ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. ஒரு வருடம் வரை தண்டனை உள்ள குற்றமென்றால், ஒரு வருடத்துக்குள் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி நீதிமன்றம் ஏற்றால்தான் விதிவிலக்கு. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொன்ன காலம், 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை. அதைக் கழித்துப் பார்த்தாலும் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. குற்றப்பத்திரிகை அந்தக் கெடுவுக்குள் போகவில்லையென்றால் இந்த வழக்கில் உயிர் இல்லை.

188-க்கு இன்னொரு குறையும் உண்டு. எந்த அதிகாரியின் உத்தரவு மீறப்பட்டதோ அவரோ அவருக்கு மேலுள்ள அதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தால் மட்டுமே அதை விசாரிக்க முடியும். காவல்துறை அந்தப் பிரிவில் முதல் தகவல் அறிக்கை போட முடியாது என்று 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அமைதியாகக் கூடி எதிர்ப்பைச் சொன்னதாலேயே அது சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதற்குப் பிறகும் இந்தப் பிரிவுகளில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது வருத்தமான விஷயம். ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி ரத்து வாங்கியவர்களும் நிறையப் பேர்.

ஒன்றை மட்டும் இங்கே கறாராகச் சொல்ல வேண்டும். நகலில் 353, 332, 307 மாதிரி எண்களோ, பொதுச் சொத்துச் சேதத்துக்கான 1992-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டமோ இருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, நேராக ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். அவை கனமான பிரிவுகள். மேலே சொன்ன காலக்கெடு அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

இனி, "வழக்குகளைத்தான் அரசு வாபஸ் வாங்கிவிட்டதே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த போராட்ட வழக்குகளில் வன்முறை தொடர்பானவை தவிர மற்றவை கைவிடப்படும் என்றார். ஆட்சி மாறியதும் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அதே மாதிரி அறிவித்தார். வேளாண் சட்டங்கள், கூடங்குளம், எட்டுவழிச்சாலை வழக்குகளையும் சேர்த்து மொத்தம் 5,570 வழக்குகள் என்று 2021 செப்டம்பரில் கணக்குச் சொன்னார்கள். செய்தித்தாளில் படித்த எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். உங்களைப் போலத்தான்.

ஆனால் அரசாணை வந்ததோடு வழக்கு தானாகச் செத்துவிடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கென்றால் அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, நீதிபதி சம்மதித்து உத்தரவிட வேண்டும். காவல் நிலையத்திலேயே நிற்கும் வழக்கென்றால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாக இறுதி அறிக்கை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதன் பிறகு யாராவது உட்கார்ந்து கணினியில் அதை ஏற்ற வேண்டும். இந்த மூன்று படிகளில் ஏதோ ஒன்றில் உங்கள் மகளின் வழக்கு நின்றிருக்கிறது என்பது என் ஊகம். உரிய நீதிமன்றத்தில் அந்த உத்தரவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் சான்றிட்ட நகல் வாங்குங்கள். இரண்டாக வாங்குங்கள். ஒன்று பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு. இன்னொன்றை லேமினேட் செய்யாமல் அவளுடைய மதிப்பெண் பட்டியலோடு வைத்துவிடுங்கள். நாளைக்கு இங்கே அரசு வேலைக்குப் போட்டாலும் அந்தத் தாள் வேண்டியிருக்கும்.

இப்போது பாஸ்போர்ட். 1967-ஆம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டத்தில் 6(2)(f) என்று ஒரு பிரிவு இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம் என்கிறது. "நீதிமன்றத்தில்" என்பதுதான் இங்கே முக்கியம். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை மட்டும் இருந்து, நீதிமன்றம் இன்னும் கோப்பில் எடுக்கவில்லை என்றால் அது நிலுவை வழக்கு ஆகாது. உயர் நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆகவே இ-கோர்ட்ஸில் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் மகள் இப்படி ஒரு பதில் எழுதலாம்: "மேற்படி குற்ற எண்ணில் எனக்கு இதுவரை சம்மனோ குற்றப்பத்திரிகை நகலோ வரவில்லை. எந்த நீதிமன்றத்திலும் என் மீது வழக்கு நிலுவையில் இல்லை. ஆகவே 6(2)(f) எனக்குப் பொருந்தாது. என் விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பாஸ்போர்ட் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதோடு முதல் தகவல் அறிக்கை நகலையும் இ-கோர்ட்ஸ் பக்கத்தின் அச்சையும் வைத்து, கடிதத்தில் கொடுத்த கெடுவுக்குள் அண்ணா சாலை மண்டல அலுவலகத்தில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் சொன்னதற்குத் தடயம் இருக்காது.

ஒருவேளை வழக்கு நீதிமன்றத்தில் இருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. 1993-ல் மத்திய அரசு போட்ட அறிவிக்கை ஒன்று இருக்கிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் கொடுப்பார்கள். நீதிமன்றம் எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிட்டால் அத்தனை வருடத்துக்கு. குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான். அதனால் மனுவிலேயே பத்து வருடப் பாஸ்போர்ட் என்று கேட்கச் சொல்லுங்கள். வேலைக்கான கடிதத்தையும் இணையுங்கள். கூடவே, வழக்கையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம். இப்போது அது புதிய நடைமுறைச் சட்டத்தின் 528-ஆவது பிரிவு. பாஸ்போர்ட் அலுவலகம் பதிலே சொல்லாமல் போட்டுவைத்தாலும், முடிவெடுக்க உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வழக்கறிஞர் கட்டணம் கட்ட முடியாத நிலை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

அவள் விண்ணப்பத்தில் வழக்கு இல்லை என்று குறித்துவிட்டாள், அது பொய்யாகிவிடுமோ என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இரவில் அதுவும் வந்து உறுத்தும் என்பதால் சொல்கிறேன். சம்மனே வராத ஒருத்தி தெரியாமல் குறித்தது மறைப்பு ஆகாது. ஆனால் இனிமேல் தெரியும் அல்லவா? இனி எந்தப் படிவத்திலும், அயர்லாந்து விசா படிவம் உட்பட, கேள்வியை ஒரு சொல் விடாமல் படித்து உள்ளதை எழுதட்டும். இந்தச் சின்ன வழக்கால் வேலை போவது அபூர்வம். மறைத்தது கண்டுபிடிக்கப்பட்டால் போவது சர்வ சாதாரணம்.

மன்னிப்புக் கடிதத்தை ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? அப்படி ஒரு கடிதத்தைப் பாஸ்போர்ட் சட்டமும் கேட்கவில்லை, குற்றவியல் சட்டமும் கேட்கவில்லை. "நான் மறியல் செய்தேன், சட்டவிரோதமாகக் கூடினேன், இனிச் செய்ய மாட்டேன்" என்று உங்கள் மகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், இல்லாத சாட்சியை அவளே உண்டாக்கிக் கொடுத்த மாதிரி ஆகும். காலக்கெடு தாண்டிச் செத்துக் கிடக்கும் வழக்குக்கு நாமே தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டுமா? அந்த ஆள் வாங்கப் போகும் பணம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

குடியுரிமை போய்விடும் என்று சொன்னவர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் 2001 வாக்கில் சென்னையில் பிறந்தவள். 1987 ஜூலை 1-க்கும் 2004 டிசம்பர் 3-க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே பிறப்பால் குடியுரிமை உண்டு. யாரும் தயவு பண்ணிக் கொடுத்தது இல்லை அது. குடியுரிமையைப் பறிப்பது பற்றிய குடியுரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ (வெளிநாட்டவர் பல வருடம் இங்கே வாழ்ந்து விண்ணப்பித்துப் பெறுவது) குடியுரிமை வாங்கியவர்களைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறது. பிறப்பால் குடிமகளாக இருப்பவளின் குடியுரிமையை ஒரு மறியல் வழக்கைக் காட்டி எடுக்க இந்த நாட்டில் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் உங்கள் பழைய ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். அது எல்லோரும் செய்ய வேண்டிய காரியம்.

ஆனால் இந்தப் பயம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அன்றைக்கு உங்களைத் தெருவுக்கு வரவைத்ததும் இதே பயம்தானே? 2019 டிசம்பரில் நிறைவேறிய அந்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோருக்குக் குடியுரிமை பெற வழி திறந்தது. முஸ்லிம்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே இருக்கிற யாருடைய குடியுரிமையையும் அது பறிக்கவில்லை என்று அரசு சொன்னது. சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் அதே வருடம் ஆகஸ்ட் 31 அன்று அசாமின் தேசியக் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 லட்சம் பேர் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். நாடு முழுக்க அப்படி ஒரு பதிவேடு வரும் என்று உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். பெற்றோர் எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார்கள் என்று கேட்டால் காகிதத்துக்கு எங்கே போவது என்று ஜனங்கள் நினைத்ததில் என்ன தவறு? என் அம்மாவுக்கே பிறப்புச் சான்றிதழ் கிடையாது. "புயல் அடிச்ச வருஷம்" என்றுதான் சொல்வார்.

தமிழ்நாட்டில் அந்தக் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முப்பது நாற்பது வருடமாக நம் மாவட்டங்களில் முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பேரப்பிள்ளை எடுத்தவர்களும் உண்டு. மதம் பார்த்து இரக்கம் காட்டுகிறோம் என்றவர்கள் இவர்களை ஏன் விட்டார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, பதிவு செய்துகொண்டு 2015 ஜனவரி 9-க்குள் வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் குடியுரிமை வேறு, விலக்கு வேறு.

அவளைக் கூட்டிக்கொண்டு போனது தப்பா என்று கேட்டீர்கள். இல்லை, சகோதரி. அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கொடுத்த உரிமை. 2020 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, ஒரு சட்டத்தை எதிர்க்கிறார்கள் என்பதற்காக மட்டும் ஜனங்களைத் துரோகி என்றோ தேச விரோதி என்றோ சொல்லக் கூடாது என்று இதே சட்டத்துக்கு எதிரான போராட்டத்தைப் பற்றித்தான் சொன்னது. சென்னையில் 2019 டிசம்பர் 23-ல் நடந்த பேரணிக்காக மு.க.ஸ்டாலின் உட்பட சுமார் 8,000 பேர் மீது வழக்குப் போட்டார்கள். அதே வாரத்தில் பெசன்ட் நகரில் கோலம் போட்ட பெண்களையும் பிடித்து வைத்தார்கள். அந்தப் பேரணி வழக்கில் இருந்த ஸ்டாலின் ஒன்றரை வருடத்துக்குள் முதலமைச்சர் ஆனார். வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

மறியல் என்பது மட்டும் கொஞ்சம் வேறு. இதே சட்டத்தை எதிர்த்து டெல்லி ஷாஹீன் பாக்கில் பெண்கள் சாலையில் உட்கார்ந்து நடத்திய போராட்டத்தைப் பற்றி 2020 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், போராட உரிமை உண்டு, ஆனால் பொதுச்சாலையைக் கால வரையின்றி அடைத்து உட்கார முடியாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு அந்தப் பெண்களின் பக்கத்தைப் போதுமான அளவு பார்க்கவில்லை என்பது என் கருத்து. ஆனாலும் இன்று நடைமுறையில் உள்ள சட்டம் அதுதான். உங்கள் மகள் நாளைக்கு இன்னொரு போராட்டத்துக்குப் போக நினைத்தால், அனுமதி வாங்கிய இடமா என்று கேட்டுவிட்டுப் போகட்டும். மண்டபத்தில் பெயர் கேட்டால் சரியான பெயரையே சொல்லட்டும். வெளியே வந்த மறுவாரமே வழக்குப் பதிவானதா என்று எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். இந்த ஒன்றை நாங்கள் அன்றைக்கே மண்டப வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் உங்களைக் குறை சொல்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். 19 வயதுப் பெண் அம்மாவோடு போனாள் என்றால் அவளுக்கும் போக மனசு இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் காவல் நிலையம் போங்கள். அந்த நேரத்தில் எழுத்தர் இருப்பார். பாஸ்போர்ட் அலுவலகக் கடிதம், அவளுடைய ஆதார், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து அதைக் கொண்டுபோங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும். குற்ற எண்ணும் பிரிவுகளும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கான பதிலை நானே சரிபார்த்துத் தருகிறேன்.